கீற்றுக் கூரையும் தீயணைப்பு வண்டியும்

கார்த்திகைத் திருநாளன்று ஸ்ரீரங்கம் கோயிலில் சொக்கப்பனை கொளுத்துவதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். ஸ்ரீரங்கத்தில் பார்க்காதவர்கள் தங்கள் ஊர்க் கோயிலிலாவது பார்த்திருப்பீர்கள். நட்டு நிறுத்திய மரத்தைச் சுற்றிக் காய்ந்த ஓலைகளைக் கூண்டு போலக் கட்டியிருப்பார்கள். நெருப்பு வைத்துச் சில நொடிகளுக்குள் தீ முழுக் கூண்டையும் பற்றிக்கொண்டு வானளாவ எழும். குழந்தைகள் கைதட்டுவார்கள். அதே நேரத்தில் கூட்டம் தன்னையறியாமல் நாலடி பின்வாங்கும். ஏன்? சூடு முகத்தில் அடிக்கிறது. சூடான காற்றோ நேரே மேல்நோக்கிப் போய்விட்டது. அப்படியானால் பக்கவாட்டில் நிற்பவரின் முகத்தைச் சுட்டது எது? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துகொண்டால், திருச்சியின் தீயணைப்பு நிலையத்தார் ஆண்டு முழுவதும் எதனோடு போராடி வந்திருக்கிறார்கள் என்பது பாதி விளங்கிவிடும்.

தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. சித்திரை, வைகாசியில் நிழலிலேயே வெப்பம் 40 பாகை செல்சியசைத் தொடும்போது கூரைகளும் குப்பை மேடுகளும் தரிசுப் புல்லும் பற்றும். ஆனி, ஆடியில் வீசும் மேல்காற்று சிறு தீயைப் பெருந்தீயாக்கும். ஆடிப் பதினெட்டன்று வேலை நெருப்போடு அல்ல, நீரோடு. அம்மா மண்டபம் படித்துறையில் காவிரியில் இறங்கும் கூட்டத்தைக் கண்காணித்து நிற்க வேண்டும். ஐப்பசியில் தீபாவளி ராக்கெட்டுகள். அதே மாதம் மழை பிடித்துக்கொண்டால் வெள்ளம். மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். தை பிறந்தால் முகூர்த்தங்கள். மாசி, பங்குனியில் வைக்கோற்போர். இவற்றுக்கிடையே கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு என்று அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பஞ்சாங்கத்தின் தைத் திங்களில்தான் ஸ்ரீரங்கம் மறக்க முடியாத ஒரு நாள் இருக்கிறது: 2004ஆம் ஆண்டு சனவரி 23, வெள்ளிக்கிழமை. அன்று ஒரு திருமண மண்டபத்தின் மாடியில், கீற்றுப் பந்தலின் கீழ்த் திருமணம் நடந்துகொண்டிருந்தது. வீடியோ எடுப்பதற்கான மின் இணைப்பில் எழுந்த பொறி பந்தலைப் பற்றியது. மாடியிலிருந்து இறங்கக் குறுகிய படிக்கட்டு. மணமகன் உட்பட ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று நான் திருச்சியில் பள்ளி மாணவன். அடுத்த வாரம் எங்கள் இயற்பியல் ஆசிரியர், நடத்த வேண்டிய ஒளியியல் பாடத்தை விட்டுவிட்டுக் கரும்பலகையில் ஒரு பந்தலை வரைந்தார். அந்தப் படத்தைத்தான் இன்று என் மாணவர்களுக்கு நானும் வரைகிறேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் கீற்று. நம் வெயிலுக்கு அதைவிட நல்ல கூரை கிடையாது என்று பெரியவர்கள் சொல்வது பொய்யல்ல. ஓட்டு வீட்டில் விசிறியோடு உட்கார்ந்திருப்பவர் கீற்றுக் கொட்டகையில் விசிறி இல்லாமல் தூங்கிவிடுவார். காரணம், முடைந்த கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வேயும்போது இடையிடையே சிக்கிக்கொள்ளும் காற்று. காற்று வெப்பத்தை அரிதிற் கடத்தும் பொருள். ஆனால் நம்மைக் குளிர்விக்கும் அதே காற்றுதான் தீக்கும் உணவளிக்கிறது. ஒவ்வோர் இலைக்கும் இரு பக்கமும் பிராணவாயு தயாராக நிற்கிறது.

இரண்டாவது, கீற்றின் மெல்லிய தன்மை. ஒரு தென்னங்கட்டையைத் தீக்குச்சியால் பற்றவைக்க முடியுமா? முடியாது. குச்சி தரும் வெப்பத்தைக் கட்டையின் உட்புறம் உறிஞ்சிக்கொள்கிறது; மேற்பரப்பு போதிய அளவு சூடேறுவதற்குள் குச்சி அணைந்துவிடுகிறது. காய்ந்த தாவரப் பொருள்கள் ஏறத்தாழ 250 முதல் 350 பாகை செல்சியசில் சிதைந்து எரியக்கூடிய வாயுக்களை வெளியிடும். எரிவது உண்மையில் அந்த வாயுக்களே. காகிதம் போன்ற கீற்றில் வெப்பத்தை உறிஞ்ச உட்புறம் என்று ஒன்றும் இல்லை. வந்த வெப்பமெல்லாம் மேற்பரப்பைச் சூடாக்கவே பயன்படுகிறது.

மூன்றாவது, சாய்வு. எங்கள் கல்லூரி மைதானத்தில், வாளிகளில் தண்ணீரும் மணலும் வைத்துக்கொண்டு, மாணவர்களுக்கு ஒருமுறை இதைக் காட்டினேன். தரையில் கிடத்திய கீற்றில் தீ சோம்பேறித்தனமாக ஊர்ந்தது. இன்னொரு கீற்றை இரும்புச் சட்டத்தில் சாய்த்துக் கட்டி அடியில் பற்றவைத்தோம். முதற்கீற்று பாதி எரியுமுன் இரண்டாவது சாம்பலாகிவிட்டது. சாய்வில் தீச்சுடர் தனக்கு மேலே உள்ள, இன்னும் பற்றாத பகுதியைத் தடவிக்கொண்டே போகிறது. அதை முன்கூட்டியே சுட்டு ஆயத்தப்படுத்தி வைக்கிறது. மழைநீர் வடிவதற்காக நாம் கொடுத்த சாய்வு தீக்கு ஏணியாகிறது. (இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். எங்களுக்கே இரண்டு வாளி தண்ணீர் செலவாயிற்று.)

இனி, தீப்பொறி. மின்சாரத்தால் தீ என்றதும் நாம் ‘ஷார்ட் சர்க்யூட்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அதைவிடச் சந்தடியில்லாத ஒரு பகை உண்டு. அதுதான் தளர்ந்த இணைப்பு. அக்காலத்து வீடியோ விளக்குகளில் 1000 வாட் ஹாலஜன் பல்புகள் சாதாரணம். 230 வோல்ட்டில் அத்தகைய இரண்டு பல்புகள் எரிந்தால் கம்பியில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்சாரம் ஓடும். வழியில் எங்கோ கம்பியை முறுக்கி, டேப் சுற்றி ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். அந்த ஒட்டு சற்றே தளர்ந்து அரை ஓம் தடை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூல் விதிப்படி அந்த இடத்தில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வருவது: 8.7 × 8.7 × 0.5, அதாவது ஏறத்தாழ 38 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயத்தை உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் இரும்பு 25 வாட்தான்! அதைவிடச் சூடான ஒன்று துணிக்குள்ளும் கீற்றுக்குள்ளும் ஒளிந்து கிடக்கிறது. ப்யூஸ் போகாதா என்று கேட்பீர்கள். போகாது. அரை ஓம் தடை கூடியதால் மின்னோட்டம் கூடவில்லை, சிறிது குறைந்துதான் இருக்கிறது. ப்யூஸ் காவற்காரன்தான், ஆனால் அளவுக்கு மீறிய மின்னோட்டம் என்ற ஒரே திருடனை மட்டும் அடையாளம் தெரிந்த காவற்காரன். ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எந்த மண்டபத்திலும் நடக்கக்கூடிய கணக்கு இது.

இப்போது சொக்கப்பனைக் கேள்விக்கு வருவோம். முகத்தைச் சுட்டது காற்றல்ல, கதிர்வீசல். ஸ்டெஃபான் விதி நினைவிருக்கிறதா? ஒரு பொருள் வீசும் வெப்பம் அதன் தனி வெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்ப உயர்கிறது. 27 பாகை செல்சியசில் இருக்கும் சாதாரணக் கூரை 300 கெல்வின். அது பற்றி எரிந்து 627 பாகையை அடைந்தால் 900 கெல்வின். வெப்பநிலை மூன்று மடங்கு. வீசும் வெப்பமோ 3 × 3 × 3 × 3, அதாவது 81 மடங்கு. ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 37 கிலோவாட் வரை இறங்கும். சித்திரை மாத நண்பகல் சூரியன் தருவது சுமார் 1 கிலோவாட்தான். தலைக்கு மேலே முப்பதுக்கு மேற்பட்ட சூரியன்கள் எரிவதாக எண்ணிக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 20 கிலோவாட் விழுந்தாலே தரையில் கிடக்கும் காகிதமும் துணியும் சுடர் தொடாமலேயே பற்றும் நிலைக்கு வந்துவிடும். பக்கத்தில் எரியும் சொக்கப்பனையிலிருந்து நாலடி பின்வாங்கலாம். தலைக்கு மேலே கூரை முழுவதும் எரியும்போது எந்தப் பக்கம் பின்வாங்குவது? அதற்குள் கட்டுக் கயிறுகள் எரிந்து அறும். மூங்கிலும் கீற்றும் எரிந்தபடியே மேலே விழும். அதனோடு புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் பற்றுக் கொண்டது. ஓட வேண்டிய கால்கள் ஓட மறுக்கும்.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த விதி அல்ல. 1897 மே 4 அன்று பாரிஸ் நகரில் ஏழைகளுக்கு உதவப் பணம் திரட்டும் ஓர் அறச் சந்தை நடந்தது. மரக் கொட்டகை, மேலே துணி விதானம், அன்றைய புதுமையாகிய சினிமாப் படக் காட்சி. படம் காட்டும் விளக்கின் ஈதர் ஆவி பற்றிக்கொண்டது. 120க்கு மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலோர் பெண்கள். எரியக்கூடிய விதானம், அதன் கீழே படம் பிடிக்கவோ காட்டவோ வைத்த சூடான விளக்கு, வெளியேறப் போதாத வழி. 107 ஆண்டு இடைவெளியில் இரண்டு ஊர்களில் அதே மூன்று சாட்சிகள். அருகிலேயே தஞ்சையிலும் 1997 சூன் 7 அன்று பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் பற்றி, தீயிலும் நெரிசலிலும் 40க்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர். ஸ்ரீரங்கத்துக்குப் பின் ஆறு மாதம்கூட நிறையவில்லை. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பிறந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகே பள்ளிகளின் கீற்றுக் கூரைகளைப் பிரிக்கும்படி அரசு உத்தரவிட்டது. தஞ்சைக்குப் பின்னும் ஸ்ரீரங்கத்துக்குப் பின்னும் அந்த உத்தரவு ஏன் வரவில்லை என்ற கேள்வி எனக்கு உண்டு. அதற்கு இயற்பியலில் விடை இல்லை.

படிக்கட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நெருப்பே இல்லாமல் படிக்கட்டு மட்டுமே உயிர் குடித்த வரலாறும் திருச்சிக்கு உண்டு. 1849இல் மலைக்கோட்டைப் பிள்ளையார் திருவிழாக் கூட்டத்தில் திடீரென்று பீதி பரவி, படிகளில் நசுங்கி ஏறத்தாழ 250 பேர் இறந்தனர். உங்கள் வீட்டில் நெற்குதிர் இருந்திருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அடித் துவாரத்தைத் திறந்ததும் நெல் கொட்டும்; சில நேரம் கொட்டாமல் நின்றுவிடும். குதிரில் நெல் நிறைய இருக்கிறது, துவாரமும் திறந்திருக்கிறது. ஆனாலும் வாயருகே நெல்மணிகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வில்வளைவாக நிற்கின்றன. மேலிருந்து எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வளைவு இறுகும். குறுகிய வாசலில் முண்டும் மனிதக் கூட்டமும் இப்படியே வளைவு கட்டுகிறது. பின்னால் உள்ளவர்கள் தள்ளத் தள்ள, முன்னால் உள்ளவர்கள் வெளியேற முடியாமல் போகிறார்கள்.

எத்தனை நேரத்தில் வெளியேற வேண்டும்? இதற்கு உலகம் கையாண்ட ஓர் அளவு, ஒரு தீ விபத்திலிருந்தே பிறந்தது. 1911 மே 9 அன்று எடின்பரோ நகரின் எம்பயர் நாடக அரங்கில் ஒரு மந்திரவாதியின் காட்சி. மேடை தீப்பற்றியது. தீத்தடுப்புத் திரையை இறக்கினார்கள். வாத்தியக் குழுவினர் பயப்படாமல் தேசிய கீதத்தை வாசித்தார்கள். சுமார் 3000 பேர் ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் உயிருடன் வெளியேறினர். மந்திரவாதியும் மேடையில் இருந்த சிலருமே இறந்தனர். அந்த இரண்டரை நிமிடமே பின்னர் பிரிட்டனில் அரங்குகளின் வாசல்களைக் கணக்கிடும் அளவாயிற்று. ஏறத்தாழ 53 சென்டிமீட்டர் அகலமுள்ள வழியில் நிமிடத்துக்கு 40 பேர் போகலாம் என்பது அவர்கள் கணக்கு. ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமுள்ள படிக்கட்டில் நிமிடத்துக்கு 80 பேர். மாடியில் 300 பேர் இருந்தால், யாரும் தடுக்கி விழாமல், ஒருவரும் குழந்தையைத் தேடித் திரும்பாமல் இறங்கினாலும் நான்கு நிமிடம் ஆகும். காய்ந்த கீற்றுப் பந்தல் நான்கு நிமிடம் காத்திருக்காது.

தீயணைப்பு வண்டியும் காத்திருப்பதில்லை. ஆனால் அது வர வேண்டுமே. யாரோ ஒருவர் தீயைப் பார்த்து, 101க்குப் பேசி, மணி அடித்து, வீரர்கள் ஏறி, கடைவீதி நெரிசலைக் கடந்து வருவதற்குள் கூரையின் கதை முடிந்திருக்கும். வந்த வண்டியிலுள்ள தண்ணீர் என்ன செய்யும்? அதையும் கணக்குப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 கிலோஜூல் வேண்டும். அதை நீராவியாக்க இன்னும் 2257 கிலோஜூல். ஆக, சுமார் 2.5 மெகாஜூல். தண்ணீரின் வலிமை பெரும்பாலும் அதன் உள்ளுறை வெப்பத்தில்தான் என்பதைப் பாருங்கள். வாளியால் வீசும் தண்ணீரைவிடக் குழாய் முனையிலிருந்து தூவலாக வரும் தண்ணீர் அதிகம் அணைப்பது இதனால்தான். சிறு துளிகள் முழுவதும் ஆவியாகிவிடும். நம் ஊர் வண்டிகளில் பல 4500 லிட்டர் கொள்பவை. ஒரு துளியும் வீணாகாவிட்டால் அது சுமார் 11,500 மெகாஜூல் வெப்பத்தை உறிஞ்சும். காய்ந்த ஓலை கிலோவுக்கு ஏறத்தாழ 16 மெகாஜூல் தருகிறது. அதாவது ஒரு வண்டித் தண்ணீர் 700 கிலோ கீற்றின் முழு வெப்பத்துக்குச் சமம். பெரிய கொட்டகை ஒன்றின் கூரை இதைவிடக் கனமாக இருக்கும். எல்லா வெப்பத்தையும் உறிஞ்ச வேண்டியதில்லை, எரியும் மேற்பரப்பைக் குளிர்வித்தால் போதும் என்பது உண்மையே. ஆனாலும் வீரர்கள் பல நேரம் எரியும் குடிசையை விட்டுவிட்டு அடுத்த குடிசையின் கூரையை நனைப்பதைப் பார்த்து நாம் கோபப்படுகிறோம் அல்லவா? அவர்கள் கணக்குப் போட்டுத்தான் நனைக்கிறார்கள். ஈரக் கீற்றில் விழும் வெப்பம் முதலில் தண்ணீரை விரட்ட வேண்டும். அதுவரை தீ தாவாது. தீயணைப்பு வண்டி இல்லாத காலத்தில் நம் முன்னோர் துறட்டியால் அடுத்த கூரையைப் பிரித்தெறிந்ததும் ஈரச் சாக்கைப் போர்த்தியதும் இதே கணக்குதான்.

சென்னை நகரில் தீயணைப்புப் படை 1908இல் தொடங்கியது. 1985இல் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகளுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. இன்று துறையின் பெயரிலேயே ‘மீட்புப் பணிகள்’ என்பது சேர்ந்திருக்கிறது. பெயர் மாற்றம் வெறும் அலங்காரமன்று. 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது இரவு பகலாக நின்றவர்களில் தீயணைப்பு வீரர்களும் இருந்தார்கள். நான்கு நாள் போராடியும் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. அணைப்பதற்கு அங்கே நெருப்பு இல்லை. யாரோ மூடாமல் விட்ட ஒரு குழிதான்.

தங்கள் ஆண்டின் ஒரு வாரத்தை இவர்கள் தங்கள் தோழர்களுக்காக ஒதுக்கியிருக்கிறார்கள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் பருத்தியும் வெடிமருந்தும் ஒன்றாக ஏற்றிய ஒரு கப்பல் தீப்பற்றி வெடித்தது. அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். அதனால் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம். நமக்கு அது சித்திரைப் பிறப்பு. அந்த வாரத்தில் பள்ளிகளிலும் கடைவீதிகளிலும் அவர்கள் துண்டறிக்கை கொடுப்பதையும் ஈரச் சாக்கால் தீ அணைத்துக் காட்டுவதையும் பார்த்தால் நின்று பாருங்கள். கூரைத் தீக்காலம் தொடங்கும் வாரமும் அதுவே.

கீற்று குறைந்து வருகிறது. 2010இல் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக மாற்றும் திட்டம் வந்தது. 2030க்குள் 8 இலட்சம் வீடுகள் கட்டுவதென்று 2024இல் மற்றொரு திட்டம் அறிவிக்கப்பட்டது. ஹாலஜன் விளக்குகளின் இடத்தை எல்.இ.டி. பிடித்துவிட்டது, அதே வெளிச்சத்துக்கு அது மிகக் குறைந்த மின்சாரமே கேட்கும். ஆனால் கீற்று போன இடத்துக்குப் பாலியெஸ்டர் துணியும் பிளாஸ்டிக் பூவும் தெர்மோகோல் தூணும் வந்திருக்கின்றன. பாலியெஸ்டர் 250 பாகையை ஒட்டி உருகும். உருகிய துளி எரிந்தபடியே சொட்டும். தோலில் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும். கீற்றாவது அப்படி ஒட்டாது.

சென்ற ஆவணியில் ஓர் உறவினர் திருமணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்தில் ஒரு கீற்றுத் துண்டுகூட இல்லை. மேற்கட்டி முழுவதும் மடிப்பு மடிப்பாகப் பளபளக்கும் துணி. மாடியில் சாப்பாட்டுக் கூடம். இறங்க இரண்டு படிக்கட்டுகள். மகிழ்ச்சியோடு இரண்டாவதன் வழியே இறங்கிப் பார்த்தேன். அடியில் காலி நாற்காலிகளை அடுக்கி, கதவைப் பூட்டியிருந்தார்கள். சாவி எங்கே என்று சமையற்காரரைக் கேட்டேன், மேனேஜரிடம் என்றார். மேனேஜர், வாட்ச்மேனிடம் என்றார். வாட்ச்மேன் காப்பி குடிக்கப் போயிருந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா, “என்ன தம்பி, இங்கேயும் பாடம் நடத்துறீங்களா?” என்று சிரித்தார், சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டி என்னோடு நாற்காலிகளை நகர்த்தினார். நாங்கள் நகர்த்தி முடிக்கவும் வாட்ச்மேன் வரவும் சரியாக இருந்தது. பூட்டுத் திறந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.